பறக்கணுமா, மறையணுமா? ஒரே ஒரு சக்திதான், யோசிச்சுக் கேளுங்க!

ஒரே ஒரு சூப்பர் பவர். கேட்டால் கிடைத்துவிடும். ஆனால் திருப்பிக் கொடுக்க முடியாது, மாற்றிக் கேட்கவும் முடியாது! எதைக் கேட்பீர்கள்?

பறப்பதா? மறைவதா? சாகாமல் இருப்பதா?

அவசரப்படாதீர்கள்! இந்தக் கேள்வி நமக்கு ஒன்றும் புதிதல்ல. அமெரிக்கக் காமிக்ஸ்காரர்கள் பேனாவைத் திறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம்மிடம் அஷ்டமா சித்தி என்று எட்டுச் சக்திகளின் பட்டியலே தயாராக இருந்தது. அணுவாகச் சுருங்க அணிமா, மலையாக வளர மகிமா, காற்றில் மிதக்க லகிமா, யாராலும் அசைக்க முடியாத அளவு கனக்க கரிமா... இப்படி எட்டு! சூப்பர்மேன் பிறந்ததே 1938-ல்தான். அந்த முதல் இதழின் விலை 10 சென்ட்!

அந்த முதல் சூப்பர்மேனுக்குப் பறக்கவே தெரியாது என்பது உங்களுக்குத் தெரியுமா? தாவத்தான் தெரியும்! ஒரே தாவலில் சுமார் 200 மீட்டர், அவ்வளவுதான். பறக்கும் வித்தையெல்லாம் பிற்பாடு வந்து சேர்ந்தது.

சரி, வரம் கேட்பதற்கு முன் ஒரு வேலை செய்யலாம். அந்தச் சக்தியை ஏற்கெனவே வைத்திருப்பவர்களைப் போய்ப் பார்த்துவிட்டு வருவோமா? அப்படியும் இருக்கிறார்களா? இருக்கிறார்கள்! பறவை, தவளை, வண்டு, நத்தை, எலி, ஏன், மனிதர்களும்கூட! அதற்கு அவர்கள் கொடுக்கும் விலையைக் கேட்டால்தான் தலை சுற்றும்!

பறக்க ஆசையா? வயிற்றைச் சுருக்கத் தயாரா?

2022 அக்டோபர். அலாஸ்காவிலிருந்து ஒரு பட்டைவால் மூக்கன் பறவை கிளம்பியது. வயது? ஐந்தே மாதம்! முதுகில் ஒரு குட்டி சாட்டிலைட் கருவி. பெயர்கூடக் கிடையாது, 234684 என்ற எண் மட்டும்தான். அது தரை இறங்கிய இடம் எது தெரியுமா? ஆஸ்திரேலியாவின் தென்கோடியில் இருக்கும் டாஸ்மேனியா! தூரம் 13,560 கிலோமீட்டர். நேரம் 11 நாள் 1 மணி. நடுவில் ஓரிடத்திலும் நிற்கவில்லை! ஒரு பருக்கை சாப்பிடவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. வாத்தைப் போல் கடலில் இறங்கி மிதந்து இளைப்பாறவும் அதற்குத் தெரியாது. இறக்கையை நிறுத்தினால் கதை முடிந்தது!

எப்படி முடிகிறது? கிளம்புவதற்கு முன் மூக்கு முட்டத் தின்று தீர்க்கும். உடல் எடையில் ஏறத்தாழ பாதி வெறும் கொழுப்பாகிவிடும். பிறகு நடப்பதுதான் ஆச்சரியம்! வழியில் சாப்பாடு இல்லை, அப்புறம் குடல் எதற்கு, இரைப்பை எதற்கு? வீண் சுமை! இரண்டையும் சுருக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறது! போய்ச் சேர்ந்த பிறகு மறுபடி வளர்த்துக்கொள்கிறது.

பறக்கும் வரம் கேட்பவர்கள் முதலில் தங்கள் குடலைக் கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும்!

இன்னும் இருக்கிறது. ஐரோப்பாவின் உழவாரன் குருவி தொடர்ந்து எத்தனை நாள் வானத்திலேயே இருக்கும் தெரியுமா? 10 மாதம்! நாள் அல்ல, மாதம்! சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் கண்டுபிடித்தார்கள். சாப்பாடு, தண்ணீர் எல்லாம் பறந்தபடியேதான். அதன் விலை? கால் குட்டையோ குட்டை. தரையில் இறங்கினால் நடக்கத் திணறும்!

இமயமலையைத் தாண்டும் வரித்தலை வாத்து 7,290 மீட்டர் உயரத்தில் பறந்ததைக் கருவி வைத்து அளந்திருக்கிறார்கள். காற்று அங்கே அவ்வளவு மெலிசு! அந்த வாத்தைப் பார்க்க திபெத்துக்குப் போக வேண்டாம். குளிர்காலத்தில் திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்துக்குப் போனால் போதும்! மலையைத் தாண்டி வந்த களைப்பே தெரியாமல் குளத்தில் ஹாயாக மிதந்துகொண்டிருக்கும்.

அதற்கும் மேலே? 1973 நவம்பர் 29, மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட். 37,000 அடி உயரத்தில் போன விமானத்தின் மீது ஏதோ மோதியது. என்னவென்று பார்த்தால், ஒரு பிணந்தின்னிக் கழுகு! சிக்கியிருந்த இறகை வைத்துத்தான் இனத்தையே அடையாளம் கண்டார்கள். அந்த உயரத்தில் ஆக்ஸிஜன் இல்லாமல் நாம் ஒரு நிமிஷத்துக்குள் சுயநினைவை இழந்துவிடுவோம்!

மழைக்காலம் வந்தால் நம் ஊர் மைதானத்தில் கூட்டம் கூட்டமாகச் சுற்றுமே, அந்த மஞ்சள் தட்டானைத் தெரியுமா? பிடித்து வாலில் நூல் கட்டி விளையாடியிருப்பீர்கள்! அது இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்காவுக்கே போகிறது! கடலைத் தாண்டி! போன தட்டான் திரும்பி வருமா? வராது. அதன் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று தலைமுறை தலைமுறையாகத்தான் அந்தச் சுற்றுப் பயணம் முடியும். விசா இல்லை, டிக்கெட் இல்லை!

மறைந்துவிடலாமா?

1972. முத்து காமிக்ஸ் தமிழில் அடியெடுத்து வைத்த வருஷம். முதல் இதழே யார் தெரியுமா? இரும்புக்கை மாயாவி! பிரிட்டனில் 1962-ல் பிறந்த கதாபாத்திரம். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறைந்துவிடும், அந்த இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும்! ப்ளக் பாயின்ட்டில் விரலை விட்டுப் பார்க்கலாமா என்று யோசிக்காத பையன் அந்தக் காலத்தில் உண்டா என்ன! (தயவுசெய்து வேண்டாம்.)

ஆனால் மாயாவிக்குச் சொல்லாமல் விட்ட ஒரு ரகசியம் இருக்கிறது. முழுசாக மறைந்த மனிதனுக்குக் கண் தெரியாது! ஏன்? பார்வை என்பதே கண்ணுக்குள் இருக்கும் விழித்திரை ஒளியைப் பிடித்து வைப்பதுதான். ஒளி எல்லாம் உங்களைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டால் விழித்திரையில் எது பதியும்? ஒன்றும் பதியாது! யார் கண்ணிலும் படாமல் பேங்குக்குள் நுழைந்துவிடலாம். ஆனால் லாக்கர் எந்தப் பக்கம் என்று தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்!

நிஜத்தில் மறையத் தெரிந்தவர் கண்ணாடித் தவளை. இலைமேல் தூங்கும்போது உடம்பு கண்ணாடியாகிவிடும். ரத்தம் சிவப்பாக இருக்குமே, அது காட்டிக் கொடுக்காதா? அங்கேதான் தந்திரம்! ரத்தச் சிவப்பணுக்களில் சுமார் 89 சதவீதத்தை அப்படியே கல்லீரலுக்குள் பதுக்கிவிடுகிறது! 2022-ல் வெளிவந்த உண்மை இது. நம் உடம்பில் இப்படிச் சிவப்பணுக்கள் ஒரே இடத்தில் நெருக்கியடித்தால் ரத்தம் கட்டி உயிருக்கே ஆபத்து. தவளைக்கு? ஒன்றும் ஆவதில்லை! விழித்ததும் ரத்தத்தைத் திருப்பி விடுகிறது, மறுபடி தெரிகிறது.

ஆக்டோபஸ் கண் இமைக்கும் நேரத்தில் பாறையின் நிறத்துக்கு மாறும். இதயம் மூன்று, ரத்தம் நீலம்! இதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். படிக்காதது இதுதான்: அதன் கண்ணில் ஒளியை உணர ஒரே ஒரு வகை செல்தான் இருக்கிறது. நம் கணக்குப்படி அது நிறக்குருடு! எந்த நிறமென்று தெரியாமலே அந்த நிறத்துக்கு மாறுகிறது!

வேகம் வேண்டுமா?

உசேன் போல்ட், 2009, பெர்லின், 100 மீட்டர், 9.58 விநாடி. உச்ச வேகம் மணிக்கு 44.72 கிலோமீட்டர். மனிதனின் எல்லை இதுவரை அவ்வளவுதான்!

பைரி வல்லூறு தலைகீழாகப் பாயும்போது? 389 கிலோமீட்டர்!

டிராகுலா எறும்பு என்று ஒன்று இருக்கிறது. தாடையைச் சொடுக்கும் வேகம் விநாடிக்கு 90 மீட்டர். மணிக் கணக்கில் 320 கிலோமீட்டருக்கு மேல்! எறும்பு சார், எறும்பு!

வேகத்தின் விலையைப் புலி வண்டிடம் கேளுங்கள். இரையைத் துரத்தி ஓடும். திடீரென்று நின்றுவிடும். மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். களைப்பா? இல்லவே இல்லை! ஓடும் வேகத்தில் அதன் கண்ணால் போதுமான ஒளியைச் சேகரிக்க முடியவில்லை, பார்வை போய்விடுகிறது! இரை எங்கே என்று நின்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஓட வேண்டும். சூப்பர் வேகம் கேட்கிறவர்கள் ஈ.சி.ஆர். ரோட்டில் இப்படி நின்று நின்று ஓடுவதைக் கற்பனை செய்து பாருங்கள்!

பலம்? ஒரு வரியில் முடித்துவிடலாம். ஒரு வகைச் சாணி வண்டு தன் எடையைப் போல் 1,141 மடங்கை இழுக்கும்! 60 கிலோ மனிதர் அதே விகிதத்தில் இழுத்தால் 68 டன்! விலை என்னவா? நாள் முழுக்கச் சாணி!

மின்சாரம் பாய்ச்சும் சக்தி? அமேசான் பகுதியில் 2019-ல் அடையாளம் கண்ட ஒரு விலாங்கு இனம் 860 வோல்ட் வரை அடிக்கும்! நம் வீட்டு ப்ளக்கில் 230 வோல்ட்தான்! கரன்ட் கட்டுக்கு உதவுமே என்று ஆசைப்படாதீர்கள், சில மில்லி விநாடிதான் தாங்கும்.

உடையாத எலும்பு, வலிக்காத உடம்பு!

இது கதையல்ல, இருக்கிறார்கள்! அமெரிக்காவில் ஒரு குடும்பம். எலும்பின் அடர்த்தி அசாதாரணம், எலும்பு முறிவு என்ற பேச்சே இல்லை. எல்.ஆர்.பி.5 என்ற ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட மாற்றம்தான் காரணமென்று 2002-ல் கண்டுபிடித்தார்கள். சூப்பர்தானே? விலையைக் கேளுங்கள். இந்த மாற்றம் உள்ளவர்களில் சிலருக்கு நீச்சல் குளத்தில் இறங்கினால் மிதப்பதே கஷ்டம்! எலும்பு அவ்வளவு கனம்!

ஸ்காட்லாந்தில் ஓர் அம்மா. 65 வயதைத் தாண்டும்வரை தனக்கு வலியே தெரியாது என்பதே அவருக்குத் தெரியாது! கையில் பெரிய ஆபரேஷன், வலி மாத்திரை கேட்கவே இல்லை. டாக்டர்கள் வாயைப் பிளந்தார்கள். 2019-ல் ஆராய்ச்சிக் கட்டுரையே வந்தது. பயமும் கவலையும்கூட அவருக்கு மிகக் குறைவாம், காயமும் சீக்கிரம் ஆறிவிடுமாம். பொறாமையாக இருக்கிறதா? அடுப்பில் கை பட்டு வெந்தால் அவருக்கு எப்படித் தெரியும் தெரியுமா? தோல் கருகும் வாடை வந்த பிறகுதான்!

கவனித்தீர்களா? அங்கே அவரைக் காப்பாற்றியது மூக்கு! இதை ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

தூக்கமே இல்லாவிட்டால் எவ்வளவு வேலை செய்யலாம்!

1964-ல் சான் டியேகோ நகரத்தின் 17 வயதுப் பையன் ராண்டி கார்ட்னர் அதைத்தான் செய்து பார்த்தான். 264 மணி நேரம் தூங்கவில்லை! பதினோரு நாள்! பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக! தூங்கி எழுந்த பிறகு பெரிய பாதிப்பு ஒன்றும் தெரியவில்லை. வயதான பிறகு தூக்கம் வராமல் வருஷக்கணக்கில் அவதிப்பட்டதாக அவரே சொன்னார். இந்தச் சாதனைப் பதிவே வேண்டாம், ஆபத்து என்று கின்னஸ்காரர்கள் நிறுத்திவிட்டார்கள்.

பெங்குவின் இதற்கு வேறு வழி கண்டுபிடித்திருக்கிறது. அண்டார்டிகாவின் தாடைப்பட்டை பெங்குவின் ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம் தூங்கும்? 4 விநாடி! ஒரு நாளைக்கு எத்தனை தடவை? 10,000-க்கு மேல்! கூட்டிப் பார்த்தால் 11 மணி நேரம் வந்துவிடும்! ஆபீஸ் மீட்டிங்கில் தலை சாய்ந்து சாய்ந்து நிமிர்பவர்களை இனிமேல் திட்டாதீர்கள்.

எதையும் மறக்காத மூளை?

இதைக் கேட்கிறவர்கள் பரீட்சை எழுதப் போகிறவர்களாகத்தான் இருக்க வேண்டும்!

1907 மார்ச் 10. சென்னை விக்டோரியா ஹால். மேடையில் நாகர்கோவில் பக்கம் இடலாக்குடியைச் சேர்ந்த செய்குதம்பிப் பாவலர். சுற்றிலும் ஆட்கள். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார், ஒருவர் கணக்குப் போடச் சொல்வார், ஒருவர் நடுநடுவே மணி அடிப்பார், ஒருவர் முதுகில் சிறு கல்லைப் போட்டுக்கொண்டே இருப்பார். எத்தனை மணி, எத்தனை கல், எல்லாம் மனசுக்குள் ஓட வேண்டும், வெண்பாவும் தளை தட்டக் கூடாது! இப்படி ஒரே நேரத்தில் நூறு! அதுதான் சதாவதானம். செய்து முடித்தார்! சதாவதானி என்ற பட்டம் பேரோடு ஒட்டிக்கொண்டது. 2008-ல் அவர் படத்தோடு தபால்தலையும் வந்தது.

அது பயிற்சியால் வந்த சக்தி. வேண்டும்போது எடுக்கலாம், வேண்டாதபோது வைத்துவிடலாம். பிறவியிலேயே வந்தால்? ரஷ்யாவில் சாலமன் ஷெரஷெவ்ஸ்கி என்பவருக்கு வந்தது. அலெக்சாண்டர் லூரியா என்ற உளவியல் அறிஞர் பல ஆண்டுகள் சோதித்தார். அர்த்தமே இல்லாத நீளமான பட்டியலை ஒரு தடவை கேட்டால் போதும், பதினைந்து வருஷம் கழித்துக் கேட்டாலும் சொல்வார்! ஆனால் மறக்கத் தெரியாது. மறக்க வேண்டியதைக் காகிதத்தில் எழுதி எரித்துப் பார்த்தார். ம்ஹூம்! சாம்பலிலும் எழுத்து தெரிந்தது! மனிதர்களின் முகத்தை அடையாளம் காண்பதும் சிரமம். ஏன்? ஒவ்வொரு நொடியும் முகம் மாறுகிறதே, எதை நினைவில் வைப்பது என்பது அவர் பிரச்சினை!

வீட்டுக்கு வீடு பழைய சண்டையைத் தேதி வாரியாகச் சொல்லும் ஒருவர் இருப்பார் என்பது வேறு விஷயம்!

சாகாவரம்?

கிரீன்லாந்து சுறா குறைந்தது 272 வருஷம் வாழும்! 2016-ல் அதன் கண் லென்ஸை ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். பெரிய சுறா ஒன்றின் வயது ஏறத்தாழ 392 இருக்கலாம் என்றும் மதிப்பிட்டார்கள். விலை? அது வயதுக்கு வரவே சுமார் 150 வருஷம் ஆகும்! கல்யாணத்துக்கு 150 வருஷம் காத்திருக்கத் தயாரா?

வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498. அதற்கு அடுத்த வருஷம் ஐஸ்லாந்துக் கடலில் ஒரு சிப்பி பிறந்தது. 2006 வரை சும்மா உட்கார்ந்திருந்தது! 507 வயது! எப்படிச் செத்தது? ஆராய்ச்சியாளர்கள் கடலிலிருந்து எடுத்ததால்! வயசு என்னவென்று பார்க்கப் போய் ஆயுளையே முடித்துவிட்டார்கள்!

நீர்க்கரடி கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அரை மில்லிமீட்டர்தான். 1983-ல் அண்டார்டிகாவின் பாசியோடு எடுத்து ஃப்ரீசரில் வைத்தார்கள். 2014-ல் வெளியே எடுத்தார்கள். எழுந்து நடந்தது! அதில் ஒன்று முட்டையும் போட்டது! 2007-ல் விண்வெளிக்கு அனுப்பி, காற்றே இல்லாத வெட்டவெளியில் 10 நாள் விட்டார்கள். பல திரும்பி வந்தன! ஆனால் ஒரு நிபந்தனை: அந்த நிலையில் சாப்பாடு, நடை, மூச்சு எதுவும் கிடையாது. வற்றி உருண்டு கிடக்க வேண்டும். அதை வாழ்வதென்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை!

கை போனால் கை முளைக்கும் மெக்ஸிகோவின் ஆக்ஸலாட்டில் பற்றிப் பலருக்குத் தெரியும். கால், தண்டுவடம், இதயத்தின் பகுதிகூட மறுபடி வளர்த்துக்கொள்ளும்! அதைவிடப் பெரிய ஆளை 2021-ல் ஜப்பானில் கண்டார்கள். ஓடில்லாத ஒரு கடல் நத்தை. அது எதைக் கழற்றிப் போடும் தெரியுமா? உடம்பை! தலை மட்டும் தனியாகக் கழன்று நகர்ந்து போய்விடும்! இதயம்? அது பழைய உடம்போடு அங்கேயே கிடக்கும், துடித்துக்கொண்டு! தலை பாட்டுக்குப் பாசி மேயும். மூன்று வாரத்துக்குள் முழு உடம்பும் புதிதாக முளைத்துவிடும், இதயம் உட்பட!

நம்மிடம் ஒன்றுமே இல்லையா? இருக்கிறதே, கல்லீரல்! பாதிக்கு மேல் வெட்டித் தானம் கொடுத்தாலும் சில மாதத்தில் வளர்ந்துவிடும்!

எல்லாம் சரி, நான் எதைக் கேட்பேன்?

மூக்கு! மோப்ப சக்தி!

சிரிக்கிறீர்களா? எந்த சூப்பர் ஹீரோ படத்திலாவது நாயகன் மோந்து பார்த்து உலகத்தைக் காப்பாற்றியிருக்கிறாரா என்கிறீர்களா? கேளுங்கள்!

ஸ்காட்லாந்தில் ஜாய் மில்ன் என்ற நர்ஸ். கணவர் டாக்டர். கணவருக்கு முப்பது வயதைத் தாண்டியதும் அவர் உடம்பில் புதிதாக ஒரு வாடை. சரியாகக் குளிப்பதில்லை என்று இவர் திட்டியிருக்கிறார், அவர் கோபித்துக்கொண்டிருக்கிறார். எந்த வீட்டில் நடக்காதது! 45 வயதில் கணவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. பிறகு ஒரு நாள் இருவரும் பார்க்கின்சன் நோயாளிகளின் கூட்டத்துக்குப் போகிறார்கள். ஜாய் உள்ளே நுழைகிறார். அறை முழுக்க அதே வாடை!

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். 12 டி-ஷர்ட். 6 நோயாளிகள் போட்டது, 6 நோய் இல்லாதவர்கள் போட்டது. மோந்து பார்த்துச் சொல்ல வேண்டும். ஆறு நோயாளிகளையும் சரியாகச் சொல்லிவிட்டார்! நோய் இல்லாதவர்களில் ஒருவருக்கும் "இருக்கிறது" என்றார். ஒரே ஒரு தப்பு, பரவாயில்லை என்று நினைத்தார்கள்.

எட்டு மாதம் கழித்து அந்த ஒருவருக்கும் பார்க்கின்சன் என்று உறுதியானது!

உடம்பெல்லாம் சிலிர்க்கவில்லையா? டாக்டருக்குத் தெரியாதது, ஸ்கேனில் வராதது, அந்த ஆளுக்கே தெரியாதது, ஒரு நர்ஸின் மூக்குக்குத் தெரிந்திருக்கிறது! தோலில் கசியும் எண்ணெய்ப் பசையில்தான் அந்த வாடை. முதுகைப் பஞ்சால் துடைத்து நோயைக் கண்டுபிடிக்கும் சோதனையை உருவாக்க அவர் மூக்கை வைத்துத்தான் மான்செஸ்டரில் ஆராய்ச்சி ஆரம்பித்தது!

கண் இப்போது இருப்பதை மட்டும்தான் பார்க்கும். மூக்கு? நேற்று இந்த வழியாக யார் போனார்கள் என்று நாய்க்குச் சொல்லும். நாளைக்கு யாருக்கு நோய் வரப்போகிறது என்று ஜாய்க்குச் சொன்னது! இதைவிட என்ன சக்தி வேண்டும்?

மோப்பத்தில் உலக சாம்பியன் யார்? நாய் என்றால் தப்பு! வாசனை பிடிக்கும் மரபணுக்கள் மனிதனுக்குச் சுமார் 400. நாய்க்கு 800 சொச்சம். ஆப்பிரிக்க யானைக்கு? 1,948! யானைக்குத் தும்பிக்கை சும்மா வளரவில்லை!

கென்யாவின் அம்போசெலியில் மாசாய் இளைஞர்கள் யானைமீது ஈட்டி எறிவார்கள். கம்பா இன விவசாயிகள் அவ்வளவாகத் தொந்தரவு தருவதில்லை. இரண்டு பேரும் உடுத்திய துணியை யானைக் கூட்டத்தின் அருகே வைத்தார்கள். ஆள் யாரும் இல்லை, துணி மட்டும்! மாசாய் துணியின் வாடை வந்ததும் யானைகள் பிய்த்துக்கொண்டு ஓடின! கம்பா துணிக்கு அவ்வளவு பயமில்லை. 2007-ல் வந்த ஆராய்ச்சி. தாய்லாந்தில் மூடிய இரண்டு வாளிகளில் சூரியகாந்தி விதை வைத்தபோது, எதில் அதிகம் என்று யானைகள் மோந்தே சொல்லிவிட்டன! எடை மெஷின் எதற்கு?

மகாவா! இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். டான்சானியாவில் பிறந்த எலி. கம்போடியாவில் உத்தியோகம். வேலை? கண்ணிவெடி மோப்பம் பிடிப்பது! எடை சுமார் 1.2 கிலோ, மிதித்தாலும் வெடி வெடிக்காது. ஒரு டென்னிஸ் மைதானம் அளவு நிலத்தை அரை மணி நேரத்தில் முடித்துவிடும்! மெட்டல் டிடெக்டரோடு மனிதன் போனால் நாலு நாள்கூட ஆகும். ஆணி, தகரம், பழைய டப்பா எல்லாவற்றுக்கும் கருவி கத்தும். எலிக்கு அந்தக் குழப்பமே இல்லை, அதற்கு வெடிமருந்தின் வாடை மட்டும்தான் கணக்கு! கண்டுபிடித்ததும் மண்ணைப் பிறாண்டும். சம்பளம்? வாழைப்பழத் துண்டு! இலங்கையின் வன்னியில் கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்த அரை மணி நேரத்தின் அருமை!

2020-ல் மகாவாவுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். பிரிட்டனின் அந்த விருதை வாங்கிய முதல் எலி! கழுத்தில் எலி சைசுக்குப் பதக்கம்! நூற்றுக்கு மேற்பட்ட வெடிகளைக் கண்டுபிடித்துவிட்டு ஓய்வு பெற்று, 2022 ஜனவரியில் 8 வயதில் போய்ச் சேர்ந்தது. அடுத்து வந்த ரோனின் என்ற எலி தனி ஆளாக 109 கண்ணிவெடி கண்டுபிடித்து உலக சாதனை!

அதே இன எலிகள் காசநோயையும் மோந்து கண்டுபிடிக்கும், தெரியுமா? 100 பேரின் சளியை 20 நிமிஷத்தில்! உலகத்திலேயே காசநோயாளிகள் அதிகம் உள்ள நாடு நம்முடையது என்பதால் இந்த எலிகள்மேல் எனக்குக் கூடுதல் மரியாதை.

பட்டுப்பூச்சி கதை இன்னும் தமாஷ். பெண் பூச்சியிடமிருந்து வரும் ஏதோ ஒரு வாசனையில்தான் ஆண் பூச்சி மயங்கி வருகிறது, அது என்ன ரசாயனம்? ஜெர்மனியின் அடால்ஃப் பூட்டனன்ட் தேடினார். 1959-ல் பிரித்தெடுத்தார். சில மில்லிகிராம் எடுக்க எத்தனை பூச்சி தேவைப்பட்டது தெரியுமா? சுமார் 5 லட்சம்! அந்த வாசனையின் ஒரே ஒரு மூலக்கூறு மீசையில் பட்டாலே ஆண் பூச்சியின் நரம்பு விழித்துக்கொள்ளும்!

விலை கிடையாதா என்கிறீர்கள். இல்லாமலா? கூவத்தைத் தாண்டி ஆபீஸ் போக வேண்டும், மே மாத மத்தியானம் கூட்டமான 27டி பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்க வேண்டும்! போகட்டும், மல்லிகை மோந்து ஆறுதல் அடையலாம் என்றால் அங்கேயும் ஒரு குண்டு! மல்லிகையின் மணத்தில் இண்டோல் என்ற பொருள் இருக்கிறது. அதே இண்டோல் வேறு எதில் இருக்கிறது தெரியுமா? மலத்தில்! கொஞ்சமாக இருந்தால் மணம், அதிகமானால் நாற்றம். மூக்குக்கு இத்தனை சக்தி வந்துவிட்டால் தலையில் வைத்த பூவிலும் அது தனியாகத் தெரியுமோ என்னவோ! பரவாயில்லை, குடலைச் சுருக்குவதற்கும் உடம்பைக் கழற்றிப் போடுவதற்கும் இது எவ்வளவோ தேவலை.

அதுவுமில்லாமல் நம் மூக்கு நாம் நினைக்கிற அளவுக்கு மட்டம் இல்லை! முதல் மழை விழுந்ததும் ஒரு மண்வாசனை வருமே, அது ஜியோஸ்மின். மண்ணில் வாழும் பாக்டீரியா செய்வது. லட்சம் கோடியில் ஐந்து பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும்! பெற்ற சில மணி நேரத்திலேயே பெரும்பாலான தாய்மார்கள் தங்கள் குழந்தையின் சட்டையை வாசனையை வைத்தே எடுத்துவிடுகிறார்கள்!

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 32 பேரைக் கூட்டி வந்தார்கள். கண்ணைக் கட்டினார்கள், காதை அடைத்தார்கள். புல்தரையில் 10 மீட்டருக்குச் சாக்லேட் வாசனை தடவிய நூல். நாலு காலில் தவழ்ந்து, மோந்து மோந்தே பின்தொடர வேண்டும். மூன்றில் இரண்டு பேர் கோட்டைப் பிடித்துப் போய்விட்டார்கள்! மூக்கை அடைத்துவிட்டுத் தவழச் சொன்னால் ஒருவராலும் முடியவில்லை. நாலு பேருக்கு மட்டும் தொடர்ந்து பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள், வேகம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது!

தவழ்வதற்கு நான் ரெடி! ஒரே ஒரு வேண்டுகோள்: சாக்லேட்டுக்குப் பதிலாகச் சாயங்கால நேரத்து மசால் வடை வாசனையை வைத்தால், இப்போதிருக்கும் மூக்கை வைத்தே அந்த ரெகார்டை முறியடித்துக் காட்டுகிறேன்!